பழைய காருக்குப் புதுக் கார்ப்பெட், குஷன் வேலை: எதை முதலில் தொட வேண்டும்?

நீங்கள் கேட்டது இது. 1960-களில் வந்த நான்கு கதவுக் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. தரையில் கார்ப்பெட் மக்கி நாறுகிறது. ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கமாகக் குழிந்துவிட்டது. பின் இருக்கையில் தையல் விட்டுப் பஞ்சு தெரிகிறது. கார்ப்பெட்டை முதலில் மாற்றுவதா, இருக்கைகளை முதலில் பழுது பார்ப்பதா? இதில் எதை வீட்டிலேயே செய்யலாம், எதைக் குஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்?

இரண்டையும் ஒரே நாளில் கழற்றிவிடுங்கள். இருக்கைகள் வேலையில் இருக்கும் நாட்களில் காரின் தரையைக் கவனியுங்கள். தரை சரியான பிறகு கார்ப்பெட், எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கைகள். இது வரிசை. இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது இன்னொன்று: கழற்றிய பழைய பொருள் எதையும், ஒரு கந்தலைக்கூட, புதியது பொருந்தி உட்காரும் வரை வெளியே எறியாதீர்கள். உங்கள் காரின் அளவும் வெட்டும் நிறமும் இந்தக் கந்தல்களில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. இந்த வேலையில் நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேல், பழையதை அவசரப்பட்டுக் குப்பையில் போட்டதால் வந்தவை.

கழற்றும் நாளில் அவசரம் வேண்டாம். முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மூலையையும் கைபேசியில் படம் எடுங்கள்: கார்ப்பெட்டின் விளிம்பு கதவடித் தகட்டுக்கு எவ்வளவு உள்ளே போகிறது, கியர் கம்பியைச் சுற்றி எப்படி வெட்டியிருக்கிறார்கள், எந்தத் துண்டின் மேல் எந்தத் துண்டு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். இப்போது கண்ணுக்கு நன்றாகத் தெரிவது இரண்டு மாதம் கழித்து நினைவில் நிற்காது. திருகு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் இடவாரியாகச் சிறு பைகளில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளைத் தனியாக வையுங்கள். பெரும்பாலான கார்களில் அவை 7/16 அங்குல நுண்மரை போல்ட்டுகள். அதிக வலுவுக்கென்றே செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டை அந்த இடத்தில் முறுக்கக் கூடாது.

இருக்கையின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். முடிந்தால் காரின் அடியிலிருந்தும் அடியுங்கள். போல்ட் முறிந்தால் அதை எடுக்க ஒரு முழு நாள் போய்விடும். இருக்கை வெளியே வந்ததும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது அறுபது ஆண்டுத் தூசி, பூஞ்சை, பொடிந்த பஞ்சு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எலி குடியிருந்த அடையாளம் தெரிந்தால் அந்த எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கவோ வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது. கிருமிநாசினியால் நன்றாக நனைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும்.

கார்ப்பெட்டை ஒரே இழுப்பில் கிழித்தெடுக்கத் தோன்றும். பல இடங்களில் பசையால் ஒட்டியிருப்பார்கள். மெல்லிய தட்டைக் கரண்டியை அடியில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் துண்டு முழுசாக வரும். வந்ததும் அதைத் திருப்பிப் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் அடிப்பக்கமே சொல்லிவிடும். முன்பக்கம் மேலே, பெடல்களுக்கு மேல் கறை தொடங்கினால் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கிலோ, அதற்குக் கீழே காற்று உள்ளே வரும் பள்ளத்திலோ கசிவு இருக்கிறது. கதவோரம் மட்டும் கறுத்திருந்தால் கதவின் உள் அட்டைக்குப் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம், கதவடியிலுள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கலாம். தொட்டால் வழுவழுப்பாக, முகர்ந்தால் இனிப்பாக ஒரு வாடை வந்தால் அது மழைநீர் இல்லை. ஹீட்டரிலிருந்து எஞ்சினின் குளிர்விப்பு நீர் ஒழுகுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலில் செய்த காரில், தரையைத் துடைத்துவிட்டு நேராகப் புதுக் கார்ப்பெட்டை ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதல் மழைக்காலம் முடிந்து ஒருநாள் கதவைத் திறந்தபோது அதே பழைய வாடை அடித்தது. விரலால் அழுத்தினால் இழைகளுக்கு நடுவே நீர் ஊறி வந்தது. முன் கண்ணாடியின் மூலையில் பீடிங் ஒரு விரல் நீளத்துக்கு இறுகி வெடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒட்டிய கார்ப்பெட்டைப் பிய்த்தபோது அடியிலிருந்த ஃபெல்ட், அதாவது நாரை அழுத்திச் செய்த விரிப்பு, பிண்டமாகக் கையோடு வந்தது. அந்தப் பீடிங்கை முதலில் மாற்றியிருந்தால் இரண்டு மணி நேர வேலை.

அதனால் இருக்கையும் கார்ப்பெட்டும் இல்லாத வெறும் தரையில் நீர்ச் சோதனை செய்துவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார வேண்டும். மற்றவர் குழாய் நீரை மெதுவாக, கீழிருந்து தொடங்கி மேல்நோக்கி விட வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையிலிருந்து விட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, கசிவு எங்கே என்று பிரித்தறிய முடியாது. சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடரைத் தூவி வைத்தால் நீர் வந்த தடம் கோடாகத் தெரியும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடமாவது பொறுமையாகப் பாருங்கள்.

அடுத்தது தகடு. தரையில் தார் கலந்த ஒலித்தடுப்புப் பட்டைகள் ஒட்டியிருக்கும். வெடித்தோ, தூக்கிக்கொண்டோ இருந்தால் அவற்றை எடுத்துவிட வேண்டும். அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். உலர்பனிக்கட்டி கிடைத்தால் அதைப் பட்டையின் மேல் பரப்பிச் சில நிமிடம் விடுங்கள். மைனஸ் 78 டிகிரி குளிரில் தார் கண்ணாடிபோல ஆகிவிடும். சுத்தியலால் மெல்லத் தட்டினாலே பொரிந்து உதிரும். தடித்த கையுறை கட்டாயம். கதவுகளையெல்லாம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளிவரும் வாயு மூச்சை அடைக்கும். உலர்பனி கிடைக்காவிட்டால் ஹீட் கன்னும் தட்டைக் கரண்டியும் போதும். நேரம்தான் கூடுதலாகும்.

தகட்டைக் கூரான திருப்புளியால் ஆங்காங்கே குத்திப் பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலமோ டானின் அமிலமோ கலந்த துரு மாற்றியைப் பூசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, தகடுகள் சேரும் இணைப்புகளில் சீலன்ட் இழுத்து, மேலே பெயின்ட் அடித்தால் போதும். திருப்புளி உள்ளே இறங்கினால் அங்கே வெல்டிங் வேண்டும். இருக்கை பூட்டும் இடத்திலோ சீட் பெல்ட் பூட்டும் இடத்திலோ தகடு அரித்திருந்தால் ஃபைபர் துணியும் பிசினும் வைத்து மூடும் வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். மோதலில் ஓர் ஆளின் முழு எடையையும் அதைப்போலப் பல மடங்கையும் தாங்க வேண்டிய இடம் அது. திறமையான ஆளிடம் வெல்டிங்குக்குக் கொடுங்கள். வெல்டிங் நடக்கும்போது உள்ளே பஞ்சு, கார்ப்பெட், பசை எதுவும் இருக்கக் கூடாது. கார்ப்பெட்டையும் இருக்கைகளையும் ஒரே நாளில் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன போடுவது என்ற கேள்வி. பழைய கார்களில் சணல் ஃபெல்ட் போட்டிருப்பார்கள். சத்தத்தை நன்றாக வாங்கும், நீரையும் அதேபோல் வாங்கும். சிட்ரோயன் டிஎஸ் காரில் கார்ப்பெட்டின் அடியில் தடித்த நுரைப்பஞ்சு வைத்திருந்தார்கள். கால் வைத்தால் மெத்தைபோல இருக்கும். அதே பஞ்சு நீரைக் குடித்து வைத்துக்கொண்டு தரைத்தகட்டை அரித்த கார்கள் ஏராளம். இப்போது கிடைக்கும், நுண்குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருக்கும் நுரைத்தாள் நீரைக் குடிக்காது. ஆனால் அதன் அடியில் நீர் புகுந்துவிட்டால் வெளியே விடாது. எனவே நுரைத்தாளைத் தரை முழுவதும் பசை போட்டு ஒட்டாமல் தளர்வாக விரித்து வைப்பதுதான் என் வழக்கம். தூக்கிப் பார்க்க முடிய வேண்டும். பியூட்டைல் ரப்பர் பட்டைகளைப் பொறுத்தவரை, அவை தகட்டின் அதிர்வை அடக்கத்தான் இருக்கின்றன. பரந்த தட்டையான பகுதிகளின் நடுவில் நான்கில் ஒரு பங்கு மூடினாலே பெரும் பயன் கிடைத்துவிடும். முழுத் தரையையும் மூன்று அடுக்கு ஒட்டி எடையைக் கூட்ட வேண்டாம். தரையிலுள்ள ரப்பர் மூடிகளின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். நீர் வடிய அவைதான் வழி.

கார்ப்பெட்டில் இரண்டு வகை. கியர்பெட்டி மேட்டுக்கு ஏற்றாற்போல் வெப்பத்தில் அழுத்தி வடிவம் கொடுத்தது ஒன்று. தட்டையான கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரம் கட்டித் தைத்தது மற்றொன்று. அமெரிக்கக் கார்களில் 1970-களின் முற்பகுதி வரை ரேயானும் நைலானும் கலந்த, இழை வெட்டப்படாமல் வளையம் வளையமாக நிற்கும் வளைய இழைக் கார்ப்பெட் வந்தது. அதன்பின் வெட்டிய இழை நைலான் வந்தது. பிரிட்டனின் விலையுயர்ந்த கார்களில் வில்டன் என்ற நெசவு வகைக் கம்பளிக் கார்ப்பெட் இருந்தது. உங்கள் காரில் எது இருந்தது என்பதற்குக் கதவடித் தகட்டுக்கு அடியிலும் இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியிலும் பாருங்கள். வெயிலும் காலும் படாத அந்த இரண்டு விரல் அகலத்தில் முதல் நாள் நிறம் அப்படியே இருக்கும். ஒருமுறை, சாம்பல் நிறம் என்று எல்லோரும் நம்பிய கார் ஒன்றில் அந்தத் தகட்டைக் கழற்றினேன். அடியில் அடர்ந்த பச்சைக் கம்பளி, நேற்று நெய்ததுபோல் இருந்தது. உரிமையாளர் அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

துண்டுகளாகச் செய்யப்பட்ட கார்ப்பெட் என்றால் பழைய துண்டைத் தடித்த காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தை முதலில் காரில் வைத்துப் பாருங்கள். பழைய துண்டு சுருங்கியோ இழுபட்டோ இருக்கும். காகிதத்தில் திருத்துவது எளிது. பிறகு கம்பளத்தின் பின்புறத்தில் வரையுங்கள். இடம் வலம் மாறிவிடாமல் காகிதத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வையுங்கள். இழை சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துண்டில் மாறினால்கூட அது மட்டும் வேறு நிறம்போலத் தெரியும்.

வடிவம் கொடுத்த கார்ப்பெட் மடித்துப் பெட்டியில் வரும். வந்த அன்றே போட முயல வேண்டாம். விரித்து, நல்ல வெயிலில் சில மணி நேரம் காயவிட்டால் மடிப்புகள் தளர்ந்து, பொருளும் இளகும். பொருத்தும்போது நடுமேட்டில் தொடங்கி இரு பக்கமும் வெளிநோக்கிக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலான கார்களில் பின்துண்டு முதலில், அதன் மேல் ஏறும்படி முன்துண்டு. விளிம்பை உடனே வெட்டாதீர்கள். எல்லாமே அமர்ந்து, கதவடித் தகட்டை வைத்துப் பார்த்து, ஒருநாள் கழித்து வெட்டினாலும் நல்லது. கூடுதலாக இருப்பதைக் குறைக்கலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது.

துளை போடுவதில்தான் பலர் அழுதிருக்கிறார்கள். கார்ப்பெட்டின் மேல் டிரில் வைக்கவே கூடாது. டிரில் முனை ஓர் இழையைப் பற்றிக்கொண்டால் ஒரு நொடியில் சுருட்டி இழுத்துவிடும். வளைய இழை என்றால் அந்த வரிசை முழுதும், தரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வழுக்கைக் கோடாக உருவி வந்துவிடும். அதற்குப் பழுது பார்ப்பே கிடையாது. அடியிலிருந்து குத்தூசியைத் துளை வழியே மேலே குத்தி இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு நைலான் இழையானால் சூடான பற்றவைப்புக் கோலின் (சால்டரிங் அயர்ன்) முனையை அங்கே வைத்து அழுத்துங்கள். இழைகள் உருகி, ஓரம் தானே கட்டிக்கொண்டு, சுத்தமான துளை கிடைக்கும். கம்பளி உருகாது, கருகும். அதற்குச் சிறு பெருக்கல் குறி வடிவில் கத்தியால் வெட்டி, நுனிகளை அடியில் மடக்கிவிட வேண்டும். பழைய கார்களில் ஹெட்லைட்டைத் தாழ்த்தும் கால் பொத்தான் தரையிலேயே இருக்கும். அதற்கான துளையை மறந்து ஒட்டிவிட்டு இரவில் தேடியவர்கள் உண்டு.

பசை விஷயத்தில் ஒன்று. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60, 70 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடேறும். சாதாரணத் தெளிப்புப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு, பத்துப் பதினைந்து நிமிடம் உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். அது உடனே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. மேட்டின் பக்கவாட்டிலும் செங்குத்துப் பகுதிகளிலும் மட்டும் ஒட்டினால் போதும். கதவுகள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். ஒட்டி முடித்ததும் ஆக்சிலரேட்டர் பெடலைக் கடைசி வரை மிதித்து விட்டுப் பாருங்கள். புதுக் கார்ப்பெட் தடிமனாக இருக்கும். பெடல் அதன் மேல் தட்டினாலும், விளிம்பில் மாட்டித் திரும்பாமல் நின்றாலும் அங்கே வெட்டியே ஆக வேண்டும். இந்த ஒரு சோதனையை மறந்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

இனி இருக்கைகள். என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது இந்த வேலையில்தான்.

குழிந்த இருக்கையைப் பார்த்ததும் பஞ்சு போய்விட்டது என்று நினைப்போம். பல நேரம் குற்றம் அதற்குக் கீழே இருக்கும். இருக்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். வளைவு வளைவாகப் போகும் ஸ்பிரிங்குகளில் ஒன்று சட்டத்திலிருந்து கழன்றிருக்கலாம், வெல்டிங் விட்டிருக்கலாம். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கமே எப்போதும் முதலில் சாயும். பிரிட்டன், இத்தாலிக் கார்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் பிரேல்லி வகை ரப்பர் நாடாக்கள் இழுத்துக் கட்டியிருக்கும். எம்ஜிபி போன்ற கார்களில் ஒரே ரப்பர் விரிப்பைக் கொக்கிகளில் மாட்டியிருப்பார்கள். ரப்பர் நீண்டுவிட்டால் மேலே எவ்வளவு நல்ல பஞ்சு வைத்தாலும் குழி விழத்தான் செய்யும். ஸ்பிரிங்கும் நாடாவும் சரியான பிறகு, அவற்றின் மேல் சாக்குத் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பி புதுப் பஞ்சை இரண்டே ஆண்டில் தின்றுவிடும்.

வோல்க்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி முனைகளின் மேல் மூடி இல்லாமல் இருந்து, பின்னால் கனமான ஆள் உட்கார்ந்தால், இருக்கையின் ஸ்பிரிங் இரு முனைகளையும் தொட்டு மின்சாரம் பாய்ந்து, மேலிருக்கும் உலர்ந்த நார் தீப்பிடித்துவிடும். அப்படி எரிந்த கார்கள் உண்டு. புதிதாக நார் மெத்தை போடுகிறவர்கள் அந்த மூடியையும் சேர்த்து வாங்கிப் போடுங்கள்.

நார் மெத்தை என்றேன். ரப்பர் பாலில் நனைத்த தென்னைநாரும் குதிரைமுடியும் கொண்டு செய்த மெத்தைகளைப் பீட்டிலிலும் பழைய மெர்சிடிஸ் கார்களிலும் பார்க்கலாம். 1929-இல் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலைக் கடைந்து நுரைப்பஞ்சு செய்யும் முறையைக் கண்டார்கள். அது பின்னாளில் கார் இருக்கைகளுக்கும் வந்தது. பாலியூரித்தேன் பஞ்சு பரவலானது 1950-களுக்குப் பிறகு. மூன்றும் மூன்று விதமாகச் சாகும். நார் நசுங்கித் தூளாகும். ரப்பர் நுரை இறுகி, ரொட்டித்தூள்போல உதிரும். பாலியூரித்தேன் மஞ்சளித்து, அழுத்தினால் எழும்பாமல் பொடியும். நார் மெத்தை நல்ல நிலையில் இருந்தால் அதை மாற்றாதீர்கள். காற்று உள்ளே போய்வருவதால் வியர்வை தங்காது, அந்தச் சுகம் வேறு பஞ்சில் கிடைக்காது. நசுங்கிய இடத்தில் மட்டும் புது நார்த் துண்டை வைத்துத் தைத்து உயரத்தை மீட்கலாம்.

புதுப் பஞ்சு வாங்கும்போது அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதைக் கவனியுங்கள். அடர்த்தி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லும், கடினம் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்பதை. அடிப்பகுதிக்குக் கனமீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில், சற்றுக் கடினமானதாக வாங்குங்கள். சாய்மானத்துக்கு மென்மையானது போதும். சோபாப் பஞ்சை வைத்தால் முதல் வாரம் சுகமாக இருக்கும், அப்புறம் தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

உறையைக் கழற்றுவது தனி வேலை. அடியில் சிறு கம்பி வளையங்களால் சட்டத்தோடு கடித்திருப்பார்கள். ஹாக் ரிங் என்று பெயர். வெட்டுக்குறடால் ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள், உறையைப் பிடித்து இழுக்காதீர்கள். உறையின் உட்புறத்தில் துணிப்பைகளுக்குள் நீளமான கம்பிகள் ஓடும். உறையைப் பஞ்சுக்குள் இழுத்துப் பிடித்து, அந்தப் பள்ளமும் மேடும் தருபவை அவைதாம். எந்தக் கம்பி எந்தப் பையில் இருந்தது என்று எண் போடுங்கள். பல புதிய உறைகள் தொப்பையாக நிற்பதற்கு இந்தக் கம்பிகளைத் திரும்பப் போடாததே காரணம். உறையைப் புரட்டினால் சில சமயம் முதன்முதலில் தைத்தவர் சாக்குக்கட்டியால் போட்ட எண்களும் அம்புக்குறியும் அப்படியே இருக்கும். அறுபது ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் தன் கையால் போட்ட கோடு அது. அந்தக் கோட்டின் மேலேயே என் ஊசியை வைக்கும்போது உண்டாகும் நிறைவுக்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

முழு உறையையும் மாற்ற வேண்டுமா? தையல் மட்டும் விட்டிருந்தால் வேண்டாம். பருத்தி நூல் மக்கி விட்டிருக்கும், மேல்பொருள் நன்றாகவே இருக்கும். உள்ளிருந்து பட்டைத் துணியை ஒட்டி வலுவூட்டி, வளைந்த ஊசியால் பழைய துளைகள் வழியாகவே திரும்பத் தைக்கலாம். வெயில் படும் கார் என்றால் பாலியஸ்டர் நூல், நைலானைவிட வெயில் தாங்கும். இது வீட்டிலேயே, பொறுமை இருந்தால் ஒரு மாலையில் முடியும். உங்கள் பின் இருக்கைக்கு அநேகமாக இதுவே போதும்.

ரெக்சின் கிழிந்தது வேறு. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மை ஆண்டுகள் போகப்போக வெளியேறி, பொருள் இறுகிவிடுகிறது. ஒரு கிழிசலை ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். அப்போது அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுவதே வழி. ஆனால் 1960, 70-களின் ரெக்சின் இருக்கைகள் பலவற்றில் நடுவிலுள்ள கோடுகள் தையல் இல்லை. மின்வெப்பத்தால் அழுத்தி ஒட்டியவை. அதைத் தையலால் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த நடுப்பாகம் கிழியாமல் இருந்தால் அதைப் பொன்போலக் காப்பாற்றிச் சுற்றியுள்ள பட்டைகளை மட்டும் புதிதாகத் தைக்கச் சொல்லுங்கள்.

தோலுக்கு வேறு கணக்கு. மேலே மெல்லிய கீறல்கள் மட்டும் என்றால் அழுக்கை நீக்கி, லேசாகத் தேய்த்து, வளையும் நிரப்பியைப் பல மெல்லிய பூச்சாக வைத்து, நீரில் கரையும் தோல் வண்ணம் பூசலாம். கிழிந்திருந்தால் கிழிசலுக்குள் மெல்லிய துணியை நுழைத்து அடியில் ஒட்டி, அதன் மேல் விளிம்புகளைச் சேர்க்க வேண்டும். வெயிலில் வெந்து சுருங்கி, மடித்தால் ஒடிகிற தோலுக்கு எந்த எண்ணெயும் உயிர் தராது. அதற்குச் செலவிடும் பணத்தைப் புதுத் தோலுக்கு வையுங்கள். பளபளப்புக்காக சிலிக்கோன் கலந்த திரவங்களை ரெக்சினிலோ தோலிலோ தெளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பின்னால் வண்ணமோ பசையோ பிடிக்காது.

குஷன் வேலைக்காரரிடம் கொடுப்பதானால் பழைய உறையைப் பிரித்துத் தட்டையாக்கி அதையே அளவாக வைக்கும்படி கேளுங்கள். பிரிப்பதற்கு முன், தையலின் இரு பக்கமும் சேரும் இடங்களில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட வேண்டும். அது இல்லாமல் வளைவுகளில் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் இழுக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து நீண்டுபோன பாகத்தை அப்படியே வரைந்தால் புது உறையும் தொளதொளவென்று வரும்; எதிர்ப்பக்க இருக்கையில் அதே பாகம் நீளாமல் இருக்கும், அதோடு ஒப்பிட வேண்டும். தையல் இடைவெளி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் வலு கூடும் என்று தோன்றும். தோலில் அது தபால்தலையின் ஓரம்போல் வரிசையாகத் துளையிட்டதாகி, அங்கேயே கிழியும். வீட்டுத் தையல் இயந்திரம் இதற்கு ஆகாது. நாலு மடிப்பு ரெக்சினும், தையலோரம் ஓடும் உருண்டை விளிம்பான பைப்பிங்கும் சேரும் இடத்தில் மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் கனரகப் பாதம் கொண்ட இயந்திரம் வேண்டும். இந்தத் தையலை வெளியே கொடுப்பதில் தவறே இல்லை. கழற்றுவது, ஸ்பிரிங், பஞ்சு, திரும்ப மாட்டுவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம்.

திரும்ப மாட்டும்போது பஞ்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் உறையை வழுக்கவிட்டு இழுங்கள். அமர்ந்ததும் தாளை உருவிவிடுங்கள். பஞ்சு உறையைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால்தான் இறுக்கம் வரும். மூலைகளில் நிற்கும் சுருக்கங்களை நீராவியால் தளர்த்திக் கையால் தடவினால் மறையும், ஆனால் நீராவியை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள்.

இருக்கைகளைப் பூட்டும்போது போல்ட்டுகளைக் கையால் பாதி முறுக்கி, நான்கும் மரையில் சரியாக ஏறிய பிறகு இறுக்குங்கள். புதுக் கார்ப்பெட் அமுங்க அமுங்க அவை தளரும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மீண்டும் இறுக்கிப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு பக்கமும் கார்ப்பெட்டின் ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் விட்டு வையுங்கள். அடுத்த பெருமழைக்கு மறுநாள் காலையில் அந்த மூலையைத் தூக்கி, உள்ளங்கையை வெறும் தகட்டில் வைத்துப் பாருங்கள். கை உலர்ந்து வந்தால் பழைய துண்டுகளை எறியலாம். நிறம் தெரியும் அந்த இரண்டு விரல் அகலத் துண்டை மட்டும் வெட்டி, தேதி எழுதி, காரின் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து இந்தக் காரைப் பிரிப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.